துண்டுக்கு வெளியே இருக்கிற கை – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் விற்க வந்தவரை ஒரு பார்வை பார்த்தே, எந்த விலைக்கு இறங்குவார் என்று என் மாமனார் சொல்லிவிடுகிறார். நான் வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போயும் ஏமாறுகிறேன். இது பிறவியிலேயே வருவதுங்களா?
– ஒரு வாசகர், வெள்ளகோவில்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் அப்பாரு கண்முன் வந்து நின்றார். சிறுவயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதே சந்தைக்குப் போனவன் நான். சித்திரை வெயிலில், தோள் துண்டைக் கைமேல் போட்டு, அதற்குள் எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களுக்குத் தொகை தெரியாது. ஆனால் அப்பாருவின் கண் துண்டுமேல் இருக்காது. விற்பவர் மறு கையில் பிடித்திருக்கும் கயிற்றின்மேல்தான் இருக்கும். "கயித்தை இறுக்கிப் புடிச்சா இன்னும் கேப்பான் கண்ணு. தளத்திட்டான்னா மனசு எறங்கிருச்சு."

அடுத்தவர் மனதைப் படிக்கிற இந்த வேலைக்கு மூளையில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, காதுக்குச் சற்று மேலே பின்பக்கமாக, பொட்டு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் இடம். மற்றொன்று, நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதி. 2012-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, எளிமையாக்கிய போக்கர் சீட்டாட்டம் ஆடச் சொன்னார்கள். எதிராளி சில சுற்றில் மனிதர், சில சுற்றில் கம்ப்யூட்டர். ஆடுபவர் அடுத்துப் பொய்க்கட்டு கட்டுவாரா (நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் பந்தயம் வைப்பாரா), மாட்டாரா என்பதற்கான தனித் துப்பு அந்த இரண்டு மடல்களும் சந்திக்கும் இடத்தில் கிடைத்தது. அதுவும் எதிரே மனிதர் இருந்தபோது மட்டும்.

பிறவியா என்று கேட்டீர்கள். அடுத்தவர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கலாம் என்பது குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நாலு வயது வாக்கில் பிடிபட ஆரம்பிக்கிறது. அந்த அடிப்படை நம் எல்லோருக்கும் உண்டு. மிச்சம் பழக்கம். நீங்கள் உங்கள் கணக்கை மட்டும் மனதில் சுமந்து போகிறீர்கள். உங்கள் மாமனார் விற்பவரின் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்: வீட்டில் கல்யாணமா, தீவனம் தீர்ந்துவிட்டதா, மாட்டைத் திரும்ப ஓட்டிப்போக எவ்வளவு தூரம்.

ஆனாலும் அது ஊகம்தான். ஒரு வருஷம் கிடாரி ஒன்றுக்குப் பேசும்போது கயிறு சீக்கிரமே தளர்ந்தது. அப்பாரு விலையைக் குறைத்து விரலைப் பிடித்தார். அந்த மனிதர் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு மாட்டை ஓட்டிப் போய்விட்டார். சாயந்திரம் டீக்கடையில் பார்த்தோம். அவர் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கயிற்றை இறுக்கிப் பிடிக்கவே முடியாமல் நின்றிருக்கிறார். அதற்கப்புறம் அப்பாரு, கயிற்றைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளங்கையைப் பார்ப்பார்.

கேள்வி: பெரியப்பா மகனுக்குப் போர்வை ஆர்டர் ஒன்று பிடித்துக் கொடுத்தேன். அதில் 10,000 ரூபாய் நின்றது. எனக்கு 1,500 தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். வந்த பணத்தை விட்டாயே என்று வீட்டில் திட்டு. நான் செய்தது முட்டாள்தனமா?
– ஒரு வாசகி, சென்னிமலை

பதில்: இல்லைங்க அம்மா. ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் அவரோடு வேலை செய்தவர்களும் 1982-ல் இதையே ஒரு விளையாட்டாக்கிப் பார்த்தார்கள். பணத்தை ஒருவர் பிரிப்பார். மற்றவர் சம்மதித்தால் அந்தப் பிரிவினைப்படி, மறுத்தால் இருவருக்குமே ஒன்றும் இல்லை. கணக்குப்படி எது கொடுத்தாலும் லாபம். ஆனால் பங்கு மிகக் குறைந்தால் பலர் வேண்டாம் என்கிறார்கள்.

2003-ல் ஆலன் சான்ஃபே குழு ஸ்கேன் கருவியோடு இதைச் செய்தது. 10 டாலரில் ஒன்றோ இரண்டோ தரும்போது, தருபவர் மனிதர் என்றால் மறுப்பு அதிகம், கம்ப்யூட்டர் என்றால் குறைவு. அருவருப்பு, வலி போன்றவற்றில் வேலை செய்யும் இன்சுலா என்ற பகுதியும் மனிதர் குறைத்துக் கொடுக்கும்போதுதான் கூடுதலாகத் தூண்டப்பட்டது. தொகை அதேதான். கொடுத்தவருக்கு ஒரு மனசு இருக்கிறது, அது நம்மை இவ்வளவுதான் மதிக்கிறது என்று மூளை படித்துவிடுகிறது. உங்களுக்கு வலித்தது அதுதான்.

ஆனால் அந்த 10,000-ல் அவர் நூல்காரருக்கோ சாயப்பட்டறைக்கோ தர வேண்டிய பாக்கி இருக்கிறதா என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், "எப்படிக் கணக்குப் போட்டீங்கண்ணா?" என்று கேளுங்கள். வாயால் சொல்கிறாரா, நோட்டை எடுத்து வந்து காட்டுகிறாரா என்று பாருங்கள்.