நேரோபோட்டில் முதல் குளிர்காலம்: பேட்டரி நாலு போதுமா?

கேள்வி: பர்மிங்ஹாமில் வேலை பார்க்கிறேன். 57 அடி நீளமுள்ள பழைய நேரோபோட் (கால்வாயில் ஓடும் ஒடுங்கலான இரும்புப் படகு) ஒன்றை வாங்கி, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அதிலேயே குடியிருக்கலாம் என்று யோசனை. வாரத்தில் நான்கு நாள் படகிலிருந்தே லேப்டாப்பில் வேலை. படகைக் கட்ட நிரந்தர இடம் எடுக்கப்போவதில்லை. "புது லெட்-ஆசிட் பேட்டரி நாலு, கூரையில் 300 வாட் சோலார், தாராளமாகப் போதும்" என்கிறார் விற்பவர். போதுமா, இன்னும் இரண்டு பேட்டரி சேர்க்கவா? வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: ஜூன் மாதத்துக்கு ஏறக்குறையப் போதும். டிசம்பருக்குப் போதாது, இன்னும் இரண்டு பேட்டரி சேர்த்தாலும் போதாது. சொட்டுச் சொட்டாக வரும் குழாய்க்கு அடியில் பெரிய அண்டாவை வைத்தால் தண்ணீர் கூடிவிடுமா? நீங்கள் அண்டாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் குழாயைப் பற்றிச் சொல்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தை ஆம்பியர்-மணியில் அளப்பார்கள். 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 ஆம்பியர்-மணி. லேப்டாப் ஏழு மணி நேரம் ஓடினால், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து 35. இரவும் பகலும் அணைக்காத ரவுட்டருக்கு 20. விளக்கு, தண்ணீர் பம்ப், போன் எல்லாவற்றுக்கும் 15. ஆக 110. நாலு பேட்டரி என்றால் வழக்கமாக 440 ஆம்பியர்-மணி இருக்கும். ஆனால் லெட்-ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். எனவே கையில் இருப்பது 220தான். இரண்டே நாள். சோலார்? நல்ல ஜூன் நாளில் 80, 90 வரை தரும். டிசம்பரில் அங்கே பகலே எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, சூரியனும் தாழ்வாகவே போகும். கூரையில் படுத்துக் கிடக்கும் பலகையில் கோடையின் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. ரவுட்டருக்கே அது காணாது.

மிச்சம் இருப்பது இன்ஜின்தான். பலரும் சறுக்குவது இங்கேதான். லெட்-ஆசிட் பேட்டரி முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல் வரை சட்டென்று நிறையும். கடைசி 20 சதவீதத்துக்கு ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். தினமும் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட்டிவிட்டு, "ஏறிவிட்டது" என்று அணைப்பவரின் பேட்டரித் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். என் முதல் குளிர்காலத்தில் அதைத்தான் செய்தேன். அக்டோபரில் வாங்கிய பேட்டரிகள் பிப்ரவரியில் விளக்கைக்கூட எரிக்கவில்லை. வோல்ட் மீட்டரை நம்பியது இன்னொரு தப்பு. பேட்டரியிலிருந்து போகும் மின்சாரத்தையும் உள்ளே வருவதையும் எண்ணிச் சொல்லும், ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்கும் பட்டை) வைத்த மானிட்டரை முதல் செலவாக வாங்குங்கள்.

அதனால் தினமும் கொஞ்சம் ஏற்றுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஆறேழு மணி நேரம் முழுசாக ஏற்றுங்கள். கட்டி வைத்திருக்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை இன்ஜின் ஓட்டக் கூடாது என்பது உரிம நிபந்தனை என்பதால், அந்த ஒரு நாளைப் பயண நாளாகவே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தத் தொல்லை இல்லை, பாதி நிறைந்த நிலையிலேயே கிடக்கலாம். பணம் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஆல்டர்னேட்டரை நேராக அதோடு இணைத்தால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். நடுவில், ஏறும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றவும் கூடாது. இரும்புத் தோலை ஒட்டிய மூலையில் வைக்காதீர்கள்.

சமையலுக்கு மின்சாரத்தை மறந்துவிடுங்கள். 3 கிலோவாட் கெட்டில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 250 ஆம்பியர் உறிஞ்சும். கெட்டிலும் குக்கரும் கேஸ் அடுப்பில்தான். மிக்ஸி பரவாயில்லை: 750 வாட் மிக்ஸியில் பத்து நிமிடம் அரைத்தால் 12 ஆம்பியர்-மணி போகும். இட்லி மாவை இன்ஜின் ஓடும்போது அரைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரில் ப்ரொபேன் இருக்கட்டும். பியூட்டேன் உறைநிலையை நெருங்கும்போது ஆவியாகாமல் படுத்துவிடும்.

சூட்டுக்கு விறகும் புகையில்லாக் கரியும் எரிக்கும் இரும்பு அடுப்பைப் போல எதுவும் வராது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். 2019 முதல் படகுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு அதன் அலாரம் கட்டாயம். குளிருக்குப் பயந்து கதவிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைக்கவே அடைக்காதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்வதற்கும் அதுதான் காரணம்.

வாங்கும் முன் படகைத் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றி, சர்வேயரை வைத்து இரும்பின் தடிமனை அல்ட்ராசவுண்டில் அளக்கச் சொல்லுங்கள். பல படகுகள் அடித்தட்டு 10, பக்கம் 6, கூரை 4 மில்லிமீட்டர் என்று கட்டப்பட்டவை. 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த அடிப்பகுதிக்குக் காப்பீடு கிடைப்பது சிரமம். கடைசியாக எப்போது அடியில் கருப்புப் பூச்சு பூசினார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பூச வேண்டும். சுவருக்குள் தெர்மோகோல் இருந்தால் வயர்களைப் பாருங்கள். தெர்மோகோலைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் பிவிசி உறை நாளடைவில் கெட்டிப்பட்டு நொறுங்கும். கழிவறை எந்த வகையாக இருந்தாலும் பழகிவிடும். ஆனால் கேசட் வகை (கழிவுத் தொட்டியைக் கழற்றி எடுத்துப்போய்க் கொட்டுவது) என்றால் உபரியாக ஒரு கேசட் வாங்கி வையுங்கள், கால்வாய் உறைந்த வாரத்தில் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

நிரந்தர இடம் இல்லாதவர்களுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்க அனுமதிப்பதில்லை. ஒரு மைல் போய்த் திரும்பி வருவதையும் பயணமாக ஏற்க மாட்டார்கள். கால்வாய்களை நிர்வகிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் 2024 ஏப்ரலிலிருந்து இப்படிப்பட்ட படகுகளுக்குக் கூடுதல் உரிமக் கட்டணம் வாங்குகிறது, பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். லாக் (படகை ஏற்றி இறக்கும், இரு பக்கமும் கதவுள்ள நீர்த்தொட்டி) பராமரிப்பு நவம்பர் முதல் மார்ச் வரை நடக்கும். எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று பார்க்காமல் கிளம்பினால் இரண்டு மூடிய லாக்குக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் நெடும் பயணத்துக்கு உங்கள் ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது. நகர நடுவில் படகுகள் நிற்கும் கேஸ் ஸ்ட்ரீட் பேசினிலிருந்து வூஸ்டர் கால்வாயில் தெற்கே போனால் டார்டிபிக் என்ற கிராமம் வரை 14 மைல், ஒரு லாக்கும் கிடையாது. வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டி வைத்திருக்கும் படகுகளைத் தாண்டும்போது அதிலும் பாதி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், பேட்டரியும் நிறையும். வழியில் வாஸ்ட் ஹில்ஸ் சுரங்கம் மட்டுமே கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர், முன்விளக்கு எரிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். கிளம்பும் முன் இன்ஜின் ஆயிலையும், ப்ரொப்பெல்லர் தண்டின் கிரீஸையும் பாருங்கள். ப்ரொப்பெல்லரில் துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருந்தால் வீட் ஹேட்ச் (ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள மூடி போட்ட திறப்பு) வழியாக எடுத்துவிட்டு, மூடியைத் திரும்ப இறுக்கினீர்களா என்று இரண்டு தரம் பாருங்கள். மூடி சரியாக இல்லாமல் இன்ஜினைப் போட்டால் ப்ரொப்பெல்லரே தண்ணீரை உள்ளே வாரி இறைத்துப் படகை மூழ்கடித்துவிடும்.

டார்டிபிக்கில் இறங்குமுகமாக 30 லாக்குகள் காத்திருக்கின்றன, பிரிட்டனின் மிக நீண்ட வரிசை. அங்கே தனியாக இறங்காதீர்கள். லாக்கில் இறங்கும்போது மேல் கதவுக்கு உள்பக்கம் தண்ணீருக்கடியில் சில் என்ற கல்மேடை நீட்டிக்கொண்டிருக்கும். கரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பகுதி கோட்டைத் தாண்டி முன்னால்தான் நிற்க வேண்டும். பின்பகுதி மேடையில் தங்கிவிட்டால், தண்ணீர் வடிய வடிய முன்பகுதி மட்டும் கீழே போகும், சில நிமிடத்தில் படகு போய்விடும். அப்படி ஆவது தெரிந்த உடனே கீழ் மதகை அடைத்து, மேல் மதகை மெதுவாகத் திறக்க விண்ட்லாஸுடன் (மதகைச் சுழற்றித் திறக்கும் கைப்பிடி) ஒரு ஆள் மேலே நிற்க வேண்டும்.