மறதியை விடுங்கள், அந்த வளையலைக் கவனியுங்கள்

கேள்வி: என் அத்தைக்கு (கணவரின் அம்மா) வயது 69. மாமா பக்கவாதம் வந்து நாலு வருடம் படுக்கையில் இருந்தார். எட்டு மாதத்துக்கு முன் தவறிவிட்டார். கடைசி நாள் வரை அத்தைதான் பார்த்துக்கொண்டார். இரண்டு மாதமாக அத்தைக்கு மறதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே நிற்கிறார். எது கேட்டாலும் "தெரியலயே" என்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மாமாவின் கட்டில் பக்கம் போய் நிற்கிறார். சாப்பாடு பாதியாகிவிட்டது, எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. "என்னால உங்களுக்குத்தான் சிரமம்" என்று அடிக்கடி சொல்கிறார். இணையத்தில் இருந்த ஒரு டெஸ்ட்டைப் போட்டுப் பார்த்ததில் அல்சைமர் என்று வந்தது. கணவர் மெடிக்கலில் ஞாபக மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார். மாமாவின் தூக்க மாத்திரை மீதம் இருந்ததில் தினமும் பாதி கொடுக்கிறோம், ஒரு மாதமாக. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். எங்கள் வீட்டில் ஒரு மாதம், கொழுந்தனார் வீட்டில் ஒரு மாதம் இருக்கிறார். முந்தாநாள் தன் இரண்டு வளையலையும் கழற்றி என் மகளிடம் கொடுத்து, "படிப்புக்கு வெச்சுக்க சாமி, எனக்கு இனி எதுக்கு" என்றார். இவ்வளவு பாசமானவருக்கு இப்படி ஒரு நோயா? இது என் மகளுக்கும் வருமா? நான் வேலையை விட வேண்டியிருக்குமா?
வாசகி, திருப்பூர்

பதில்: இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய், மாமாவின் மருந்துகள் வீட்டில் எங்கெங்கே மிச்சம் இருக்கின்றன என்று பாருங்கள். பிரிட்ஜ் கதவு, சாமி அலமாரி, கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டி. நாலு வருடம் ஒருவர் படுக்கையில் இருந்த வீட்டில் ஒரு கட்டைப்பை நிறைய மருந்து தேறும். அத்தனையையும் உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அத்தையின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் இனி உங்களிடமே இருக்கட்டும். அந்தந்த வேளைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். எலி மருந்து, செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து இருந்தால் அவை வீட்டிலேயே இருக்கக் கூடாது. கொழுந்தனாருக்கும் இன்றே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மறதியைப் பற்றி அவ்வளவு எழுதிய நீங்கள், வளையலைப் பாசக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். என்னால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. கணவர் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. சாப்பாடு பாதியாகிவிட்டது. தன்னால் எல்லாருக்கும் சிரமம் என்கிறார். இப்போது கையில் கிடந்ததைக் கழற்றிப் பேத்தியிடம் கொடுத்து "எனக்கு இனி எதுக்கு" என்கிறார். இத்தனையும் ஒன்றாக வந்தால், உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்றுதான் ஒரு டாக்டர் முதலில் பார்ப்பார். பெரியவர்கள் இதைச் சண்டை போட்டோ மிரட்டியோ சொல்வது குறைவு. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, சாதாரணமாக இருப்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பாசமாகவே தெரியும். பாசம் இல்லை என்று நானும் சொல்லவில்லை. பாசத்தோடு சேர்ந்து அதுவும் இருக்கலாம்.

அதனால் கேட்டுவிடுங்கள். இன்றைக்கே, மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "வளையலைக் கொடுத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்லைங்க அத்தை. உசுரோட இருக்க வேண்டாம்னு தோணுதுங்களா? ஏதாவது பண்ணிக்கலாம்னு நெனச்சீங்களா?" இப்படி நேராகவே கேளுங்கள். இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லாக் குடும்பத்திலும் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. இது நன்றாக ஆராய்ந்து பார்த்த விஷயம். உள்ளேயே வைத்துப் புழுங்கியவர்களுக்கு, ஒருவர் கேட்டதே பெரிய ஆறுதலாக இருக்கும். அவர் அழுதால் அழட்டும். "சேச்சே, அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று மட்டும் வாயை அடைத்துவிடாதீர்கள்.

ஆமாம் என்றாலோ, பதிலே சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலோ, அவரைத் தனியாக விடாதீர்கள். ராத்திரியிலும் பக்கத்தில் ஒருவர் படுக்க வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நேரம் கெட்ட நேரமாக இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன செய்வது என்று கை கால் ஓடவில்லை என்றால் அரசின் மருத்துவ உதவி எண் 104 அல்லது மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். இல்லை என்று அவர் சொன்னாலும் மனநல மருத்துவரை இந்த வாரத்துக்குள் பார்த்தாக வேண்டும், நாளைக்கே முடிந்தால் நல்லது. மாத்திரைப் பூட்டும் அப்படியே இருக்கட்டும்.

சரி, இப்போது மறதிக்கு வருவோம். மறதி நோய் இல்லவே இல்லை என்று ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மனச்சோர்வின் முகத்தைத்தான் காட்டுகிறது. மறதி நோய் வருடக்கணக்கில் ஊர்ந்து வரும், எப்போது ஆரம்பித்தது என்றே வீட்டில் சொல்லத் தெரியாது. உங்களுக்கோ இரண்டு மாதம் என்று தெளிவாகத் தெரிகிறது. மறதி நோய் உள்ளவர் கேள்விக்குத் தப்பாகவாவது ஒரு பதிலைச் சொல்லிச் சமாளிப்பார். மனம் சோர்ந்தவர் யோசித்துப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் "தெரியலயே" என்று முடித்துவிடுவார். இது என்ன வருஷம் என்று கேட்டால் "தெரியலீங்க" என்கிற அம்மாக்களை என் ஓபியில் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் எப்போது தவறினார் என்று கேட்டால் தேதி, கிழமை, அன்று காலை அவர் குடித்தது அரை டம்ளர் கஞ்சி என்பது வரை பிசிறில்லாமல் வரும். ஞாபகம் அழியவில்லை. மற்ற எதிலும் மனம் நிற்கவில்லை, அவ்வளவுதான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு நிற்பதும் அந்த ரகம்தான்.

அந்த இரண்டு மணியை யோசித்துப் பாருங்கள். பக்கவாதத்தில் படுத்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பத்து மணிக்குத் திருப்பினால் பன்னிரண்டுக்கு, அப்புறம் இரண்டுக்கு, நாலுக்கு. நாலு வருடம் அத்தை இதைச் செய்திருக்கிறார். அலாரம் இல்லாமலே விழித்துக்கொள்ள அந்த உடம்பு பழகியிருக்கிறது. எட்டு மாதத்தில் அது மறந்துவிடுமா? எழுந்து கட்டில் பக்கம் போகிறார், அங்கே திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லை. அவர் வழி தெரியாமல் அலைகிறார் என்று நினைக்கிறீர்கள். எழுந்த வேலை எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

அடுத்த தடவை அவர் அப்படி எழும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, விளக்கைப் போட்டு "மாமாவைத் தேடுறீங்களா அத்தை" என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். இன்னொன்று, குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். சாப்பாட்டைப் பாதியாக்கி ஆறு கிலோ இளைத்தவருக்கு, நன்றாகச் சாப்பிட்ட காலத்தில் எழுதிய சர்க்கரை மாத்திரை அதே அளவில் போய்க்கொண்டிருக்கிறது. சில மாத்திரைகளில் ராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடும். ஆளும் குழம்பிப் போவார். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். காலையில் மாத்திரை கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள். பிரஷர் மாத்திரைக்கும் இதே கதைதான். இளைத்த உடம்பில் பிரஷர் ரொம்ப இறங்கி, எழுந்ததும் தலைசுற்றி விழுவார்கள்.

இப்போது கோபமாகச் சிலது சொல்ல வேண்டும். செத்துப்போனவருக்கு எழுதிய தூக்க மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது என்ன நியாயம்? பெயரை எழுதவில்லை, அல்பிரசோலம் அல்லது குளோனசெபாம் வகையாகத்தான் இருக்கும். வயதானவர்களுக்கு அதுவே மறதியைக் கொண்டுவரும், பகலில் மந்தமாக்கும், பாத்ரூம் போகும் வழியில் விழவைத்து இடுப்பை உடைக்கும். எந்த மறதிக்குப் பயந்தீர்களோ அதற்கு ஒரு மாதமாக நீங்களே தினமும் பாதி மாத்திரை ஊட்டியிருக்கிறீர்கள். ஆனால் இதைப் படித்த வேகத்தில் இன்றே நிறுத்தவும் வேண்டாம். தினமும் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் மொத்தமாகப் போய்ப் படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பும் வரலாம். டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மெடிக்கலில் வாங்கிய ஞாபக மாத்திரையைத் தூர வையுங்கள், அதனால் ஒரு பலனும் கிடைக்கப்போவதில்லை. இணையத்து டெஸ்ட்டைப் பற்றிப் பேசவே எனக்குப் பொறுமை இல்லை. தூங்காத, சாப்பிடாத, துக்கத்தில் இருக்கிற யாரைப் பற்றி அந்தக் கேள்விகளுக்குப் பதில் போட்டாலும் அல்சைமர் என்றுதான் வரும்.

ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. சோடியம், தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரகம். பிரஷர் மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருந்தால் சோடியம் குறையும். சோடியம் குறைந்தாலே பெரியவர்கள் பேச்சு மாறிவிடும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். இந்த ஆறு மாதத்தில் எங்காவது விழுந்து தலையில் அடிபட்டதா என்பதையும் சொல்லுங்கள். உள்ளே மெல்லக் கசிந்த ரத்தம் வாரக்கணக்கில் கழித்துக்கூடக் குழப்பத்தைக் காட்டும், அதற்கு ஸ்கேன் வேண்டும். காது கேட்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மனநல மருத்துவர் என்றதும் உங்கள் கணவர் முகம் சுளிப்பார் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மா என்ன பைத்தியமா என்பார். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். 1794-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, எத்தனையோ குடும்பங்களுக்கு ஆளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு, ஓபி சீட்டு போட்டுப் பார்க்கலாம். மனச்சோர்வுக்கு அவர்கள் கொடுக்கும் மாத்திரைக்கு உடம்பு அடிமையாகாது. ஆனால் உடனே வேலை செய்யாது; தெளிவு தெரிய நாலு வாரம், இந்த வயதில் எட்டு வாரம்கூட ஆகும். இரண்டாவது வாரத்தில் "ஒண்ணும் மாற்றமில்லை" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். நன்றாகிவிட்ட பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தொடர வேண்டும். சில மனச்சோர்வு மாத்திரைகளும் சோடியத்தைக் குறைக்கும் என்பதால் முதல் சில வாரங்களில் ஒரு தடவை ரத்தம் பாருங்கள். மனம் தெளிந்த பிறகு ஞாபகத்தை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். அப்போதும் மறதி நின்றால், அதற்கான வைத்தியத்தை அன்றைக்குப் பேசலாம்.

மாதம் ஒரு மகன் வீடு என்பதை நியாயமான பங்கீடு என்று நினைத்துத்தான் செய்திருப்பீர்கள். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போதைக்கு நிறுத்துங்கள். நாலு வருடம் அவர் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வேளை நகராது. இப்போது ஒரு பையும் கையுமாக, எந்த வீட்டிலும் எந்த டப்பா எங்கே என்று தெரியாமல் இருக்கிறார். சிகிச்சை முடியும்வரை ஒரே வீடு, ஒரே படுக்கை. அவரைச் சும்மா உட்கார வைப்பதை மரியாதை என்று நினைக்காதீர்கள். காலையில் வெங்காயம் உரிப்பதோ, பேத்திக்குத் தலை பின்னுவதோ, அவர் செய்தால்தான் நடக்கும் என்கிற மாதிரி ஒரு வேலை தினமும் அதே நேரத்தில் இருக்கட்டும். கணவர் போன பிறகு பூ வைப்பதையும் விசேஷங்களுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. நிறுத்தியிருந்தால், நீங்களே முன்னால் நின்று கூப்பிடுங்கள், முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

மகளைப் பற்றிய பயம் வேண்டாம். பாட்டிக்கு இந்த வயதில் மறதி நோயே இருந்தாலும், அதை வைத்துப் பேத்திக்கு வரும் என்று சொல்லிவிட முடியாது. நேரடியாகப் பரம்பரையாக வருவது மிகச் சில குடும்பங்களில்தான், அங்கும் அது 69 வரை காத்திருக்காது. மனச்சோர்வுக்கான போக்கு குடும்பத்தில் கொஞ்சம் வரலாம், ஆனால் அது வைத்தியம் உள்ள நோய்.

வேலையை விட வேண்டுமா என்ற கேள்விக்குள் வேறொன்று இருக்கிறது. மாமாவுக்கு நாலு வருடம் போனது, இனி அத்தைக்கு எத்தனை வருடமோ என்கிற பயம். அது தப்பான பயம் இல்லை, அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். வேலையை விடாதீர்கள். ஒரு மாதம் முறை போட்டு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். அதில் மகன்கள் இருவரும் லீவு போட்டு உட்கார வேண்டும், மருமகள்கள் மட்டும் இல்லை.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், அந்தத் தூக்க மாத்திரையையும் சேர்த்து, ஒரே பையில் எடுத்துப்போங்கள். வளையல் சங்கதியை அத்தை எதிரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். வளையலை இப்போதே திருப்பிக் கொடுத்து வாதாட வேண்டாம். "பத்திரமா வெச்சிருக்கேன் பாட்டி, எனக்கு நீங்கதான் போட்டுவிடணும்" என்று மகள் சொல்லட்டும்.