வீட்டில் ஒரு தகப்பன்சாமி

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது, கும்பகோணத்தில் யூகேஜி படிக்கிறான். மூன்றரை வயதிலேயே நாளிதழின் தலைப்புகளைத் தானாக வாசிக்கத் தொடங்கினான். சுவாமிமலைப் படிகளில் உள்ள அறுபது தமிழ் வருடப் பெயர்களையும் இரண்டே முறை ஏறி இறங்கியதில் மனப்பாடம் செய்துவிட்டான். ஆனால் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் அழுகிறான். பரமபதத்தில் பாம்பு கடித்தால் தாயக்கட்டையை எறிகிறான். ஒரு திருமண வீட்டில், திமிங்கிலம்தான் பெரிய மீன் என்று சொன்ன பெரியப்பாவிடம், "அது மீனே இல்லை, பாலூட்டி, இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டான். சூரியன் ஒருநாள் அணைந்துவிடும் என்று எதிலோ படித்துவிட்டு, ஒரு வாரமாக இரவில் அழுகிறான். ஐக்யூ சோதனை செய்ய வேண்டுமா? ஒரு வகுப்பைத் தாண்டி இரண்டாம் வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: சுவாமிமலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் உங்களுக்கு, தந்தைக்குப் பிரணவத்தின் பொருள் சொன்ன தகப்பன்சாமியின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே பிள்ளைதான் ஒரு பழம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு பழனி மலையில் போய் நின்றது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு இந்த இரண்டு கதைகளும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன. மீத்திறன், அதாவது வயதை மிஞ்சிய அறிவுத்திறன், உள்ள குழந்தைகளிடம் அறிவு ஒன்பது வயதுக்கு ஓடியிருக்கும். கைவிரல்கள் ஐந்து வயதிலேயே நிற்கும். ஏமாற்றத்தைத் தாங்கும் மனம் சில நாட்களில் நான்கு வயதுக்கும் இறங்கிவிடும். இந்த ஏற்றத்தாழ்வான வளர்ச்சி இத்தகைய குழந்தைகளிடம் மிகவும் பரவலாகக் காணப்படுவது. திமிங்கிலத்தைப் பற்றித் தெரிந்தவனுக்குப் பெரியவர்களிடம் பேசத் தெரியாதா என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், அவன் பேச்சை வைத்து அவன் வயதை நாம் கூட்டிக் கணக்கிடுவதுதான். அவன் கேள்விக்கு அவன் அறிவின் வயதுக்கேற்ற விடையும், அவன் அழுகைக்கு ஐந்தரை வயதுக்கேற்ற மடியும் வேண்டும்.

சோதனையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐக்யூ எனப்படும் நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி மதிப்பெண் 100. 130-க்கு மேல் பெறுபவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய இருவர். ஐந்து வயதில் கிடைக்கும் எண் நிலையானதன்று. அன்றைய தூக்கம், பசி, சோதிப்பவரிடம் ஏற்பட்ட கூச்சம் எல்லாம் அதை மாற்றும். நம் நாட்டில் பினே-காமத் சோதனை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. பள்ளியில் ஒரு முடிவெடுக்க அந்த எண் தேவைப்பட்டாலோ, எழுத்தில் உள்ள பின்தங்கலுக்குக் கற்றல் குறைபாடு காரணமாக இருக்குமோ என்ற ஐயம் வலுத்தாலோ, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடம் செய்துகொள்ளுங்கள். உறவினர்களிடம் சொல்வதற்காக வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் பத்து நிமிடச் சோதனைகளை அறவே தவிர்த்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றை நீங்களே வீட்டில் பார்க்கலாம். சீக்கிரம் வாசிக்கும் குழந்தைகள் எல்லாரும் வாசித்ததைப் புரிந்துகொள்வதில்லை. எழுத்துகளின் மீது தீராத ஈர்ப்பு இருந்தும் பொருள் பிடிபடாமல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், மற்றக் குழந்தைகளோடு பாவனை விளையாட்டு விளையாடாமல் இருந்தால், அது வேறு வகையான வளர்ச்சி. அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆகவே அவன் ஒரு கதையை வாசித்து முடித்ததும், அதை அவன் சொற்களில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அறுபது வருடப் பெயர்களை ஒப்பிப்பது நினைவாற்றல். "அறுபது முடிந்தால் மறுபடியும் பிரபவ என்றால், தாத்தா பிறந்த பிரபவ எது, அடுத்த பிரபவ எது என்று எப்படித் தெரியும்?" என்று அவன் கேட்டானானால், அது சிந்தனை. வீட்டுக்கு வருபவர்கள் முன்னால் ஒப்பிக்கச் சொல்லி நிறுத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கைதட்டு முதல் வகைக்கே கிடைக்கிறது. குழந்தையும் எதற்குக் கைதட்டு கிடைக்கிறதோ அதையே வளர்த்துக்கொள்கிறது.

எழுத்துக்கு வருகிறேன். விடை அவன் மனத்தில் நொடியில் வந்துவிடுகிறது. விரல்கள் அதை எழுத ஐந்து நிமிடம் எடுக்கின்றன. அந்த இடைவெளிதான் அழுகையாக வெளிப்படுகிறது. அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, கோலமாவைக் கிள்ளி எடுத்துப் புள்ளி வைப்பது, புளியங்கொட்டை போட்டுப் பல்லாங்குழி ஆடுவது ஆகியவை விரல்களுக்கு நோட்டுப் புத்தகத்தைவிட நல்ல பயிற்சி. இரண்டாம் வகுப்பு வரையிலும் முன்னேற்றம் இல்லையென்றால் எழுதுவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

வகுப்பு தாண்டுவதைப் பற்றி நம் ஊரில் அச்சம் மிகுதி. ஆனால் 2004-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம் வெளியிட்ட அறிக்கை, தகுதியறிந்து வகுப்பு தாண்டவைக்கப்பட்ட குழந்தைகள் படிப்பில் பயனடைந்தார்கள், பழகுவதில் பொதுவாகப் பின்தங்கவில்லை என்றே பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது. எனவே கொள்கையளவில் நான் அதற்கு எதிரானவன் அல்லன். உங்கள் மகனுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அவன் விரல்கள்தான். இரண்டாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலை பெருகும். வாசிப்பில் முதலாவதாக இருப்பவன் எழுத்தில் தினமும் கடைசியாக நிற்பான். அதற்குப் பதிலாக ஆசிரியரிடம் மூன்று உதவிகளைப் பணிவோடு கேளுங்கள்: சில விடைகளை வாய்மொழியாகச் சொல்ல விடுவது, வாசிப்புக்கும் கணக்குக்கும் மட்டும் மேல் வகுப்பில் உட்காரவைப்பது, வேலையைச் சீக்கிரம் முடித்தால் ஒரு கதைப்புத்தகம் கொடுப்பது. முடித்தவனிடம் "இன்னும் இரண்டு பக்கம் எழுது" என்பது விரைவுக்குக் கொடுக்கும் தண்டனை. மெதுவாக இருப்பதே லாபம் என்பதைக் குழந்தை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும்.

பரமபதத்தில் அவனுக்கு வரும் கோபத்தை நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன். அவனுக்குத் தெரிந்த எதுவும் உதவாத ஆட்டம் அது; கட்டை சொல்வதுதான் சட்டம். அதனாலேயே தோல்வியைப் பழக்க அது பொருத்தமானது. சிறிய சுற்றாக ஆடுங்கள், நீங்கள் தோற்கும்போது "எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது, இன்னொரு ஆட்டம் ஆடலாம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவன் மகிழ்ச்சிக்காக வேண்டுமென்றே தோற்காதீர்கள். இத்தகைய பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கூடவே ஆடுபுலி ஆட்டமும் சொல்லிக்கொடுங்கள். யோசித்தும் தோற்கலாம், தோற்றபின் ஏன் தோற்றோம் என்று யோசிக்கலாம் என்பது அதில் விளங்கும். இதோடு "நீ புத்திசாலி" என்ற பாராட்டையும் குறைத்துக்கொள்ளுங்கள். 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அறிவுக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிரைத் தவிர்த்தார்கள். ஒருமுறை தவறியதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானதையே தேடினார்கள். "மூன்று வழி பார்த்தாயே, இரண்டாவது எப்படித் தோன்றியது?" என்று கேட்டால் போதும்.

பெரியப்பாவிடம் அவன் சொன்ன செய்தி சரியானதே. சொன்ன விதம்தான் திருத்த வேண்டியது. "எதிர்த்துப் பேசாதே" என்று அதட்டினால், உண்மையைச் சொல்வதே தவறு என்று அவன் எடுத்துக்கொள்வான். "பெரியப்பா, நான் வேறு மாதிரி படித்தேன், சொல்லட்டுமா?" என்ற ஒரு வாக்கியத்தை வீட்டில் நாடகம்போல நடித்துப் பழக்குங்கள். நடிக்கும்போது அவனைப் பெரியப்பாவாக உட்காரவையுங்கள்; மிகவும் ரசிப்பான்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அடுப்பில் பால் பொங்கும்போது, சாமி எங்கும் இருக்கிறார் என்றால் ஏன் பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போனோம் என்ற கேள்விக்கு விடை சொல்ல யாராலும் முடியாது. கேள்விக்கென்று ஒரு நோட்டு வையுங்கள். அவன் சொல்ல, நீங்கள் அதில் எழுதுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் அதைத் திறங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவன் அப்பாவும் வாரத்தில் சில நாட்கள் அந்த நோட்டை எடுத்துக்கொள்ளட்டும்.

கடைசியாகச் சூரியன். மீத்திறன் குழந்தைகளை ஆராய்ந்த முன்னோடியான லீட்டா ஹாலிங்வொர்த் (1886-1939), மரணம், படைப்பு போன்ற பெரிய கேள்விகள் இவர்களுக்கு மிகச் சிறிய வயதிலேயே வந்துவிடுகின்றன, அவற்றைத் தாங்கும் மனவலிமை அப்போது இருப்பதில்லை என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். சூரியனுக்கு இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் இருக்கின்றன என்பது உண்மை. அதைச் சொல்லுங்கள், ஆனால் அதையே முதலில் சொல்லாதீர்கள். அந்த எண் அவன் அறிவுக்குப் போகும், அழுவது அறிவன்று. பெரும்பாலும் அந்தக் கேள்விக்குள், அம்மாவும் ஒருநாள் இல்லாமல் போவாளா என்ற கேள்வி ஒளிந்திருக்கும். முதலில் அணைத்துக்கொண்டு, "பயமாக இருக்கிறதா? நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மூச்சு சீரானபின் கணக்கைப் பேசலாம். விண்வெளிப் புத்தகங்களைப் பகலுக்கு மாற்றிவிட்டு, படுக்கைக்கு அவன் ஏற்கெனவே அறிந்த ஒரு பழைய கதையைச் சொல்லுங்கள். மூன்று நான்கு வாரங்களுக்குப் பிறகும் தூக்கம் கெட்டாலோ, சாப்பாடும் பள்ளியும் பிடிக்காமல் போனாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.