பெர்லின் வழியாக ஜப்பான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த ஜப்பானிய இசையமைப்பாளர் தோஷியோ ஹொசொகாவாவின் சில படைப்புகளைக் கேட்டேன். ஏறக்குறைய பத்தாண்டுகள் ஜெர்மனியில் பயின்றவர். வாத்தியங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவினுடையவை. மனதில் நிற்கும் மெட்டு என்று எதுவும் இல்லை. ஒரு சுரம் எழுகிறது, நீள்கிறது, மறைகிறது. இதில் ஜப்பான் எங்கே இருக்கிறது? மேற்கத்திய நவீன இசைமேல் பூசிய வண்ணம்தானா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஒரு சுரம் எழுந்து, நீண்டு, மறைகிறது என்கிறீர்களே, ஹொசொகாவாவிடம் நான் மீண்டும் மீண்டும் போவது அதற்காகத்தான். வண்ணப்பூச்சு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1955இல் ஹிரோஷிமாவில் பிறந்த அவரை முதலில் ஈர்த்தது ஐரோப்பிய இசைதான். 1976இல் மேற்கு பெர்லினுக்குச் சென்று இசாங் யுன்னிடம் மாணவராகச் சேர்ந்தார். யுன் கொரிய இசையமைப்பாளர், 1967இல் தென்கொரிய உளவுத்துறை பெர்லினிலிருந்து கடத்திக்கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தது அவரைத்தான். ஒற்றைச் சுரத்தை அசைத்தும் இழைத்தும் அதற்குள்ளேயே ஓர் உலகத்தை எழுப்புவது அவருடைய முறை. ஜெர்மனிக்குப் போன ஜப்பானிய இளைஞருக்கு இதைக் கற்பித்தவர் ஓர் ஆசியர் என்பதை மறந்துவிட்டு அந்தப் படிப்பை 'மேற்கத்தியம்' என்று ஒதுக்கிவிட முடியாது. பின்னர் ஃபிரைபுர்கில் பிரையன் ஃபெர்னிஹோவிடமும் கிளவுஸ் ஹூபரிடமும் பயின்றார். சொந்த நாட்டின் இசையைத் திரும்பிப் பார்க்கும்படி அவரைத் தூண்டியவர் ஹூபர், ஒரு சுவிஸ்காரர். தன் பாணியை மாணவன்மேல் சுமத்தாத அந்த ஆசிரியர்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

திரும்பிப் பார்த்தவர் ஜப்பானிய மெட்டுகளை எடுத்து ஐரோப்பிய வாத்தியங்களுக்குக் கொடுத்துவிடவில்லை. அரண்மனை இசையான ககாகுவில் ஷோ என்றொரு வாத்தியம் இருக்கிறது. பதினேழு மூங்கில் குழல்களைக் கொண்டது. மூச்சை உள்ளே இழுத்தாலும் வெளியே விட்டாலும் ஒலிக்கும். ஆகவே அதன் ஒலி அறுபடுவதில்லை. மெல்லத் தடித்து, மெல்ல இளைத்து, மூச்சோடு சுழல்கிறது. ஹொசொகாவாவின் இசை இந்தச் சுழற்சியில்தான் நிற்கிறது. சுரம் எங்கிருந்து வருகிறது, எப்படிக் கனக்கிறது, நின்ற பிறகு மௌனம் எப்படி மாறியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு முக்கியம். தன் இசையைத் தூரிகை எழுத்தோடு அவரே ஒப்பிட்டிருக்கிறார்: தாளின் வெண்மையும் எழுத்தின் பகுதியே. மெட்டைத் தேடிய உங்கள் காது ஏமாந்தது இதனால்தான்.

ஷோவுக்கும் நால்வர் தந்திக் குழுவுக்கும் 1993இல் அவர் எழுதிய 'லேண்ட்ஸ்கேப் 5' என்ற படைப்பைக் கேளுங்கள். வயலின்கள் ஷோவைப் போலவே மூச்சுவிடக் கற்றுக்கொள்வதை அதில் தெளிவாக உணரலாம். அடுத்து, 2011இல் பிரஸ்ஸல்ஸில் அரங்கேறிய 'மாட்சுகாஸே' ஓபரா. கதை 'நோ' என்னும் ஜப்பானிய மரபு நாடக வகையைச் சேர்ந்த ஒரு பழைய நாடகம், பாடப்படும் மொழி ஜெர்மன். இரண்டையும் கேட்டபிறகு மறுபடியும் எழுதுங்கள். அப்போதும் வண்ணப்பூச்சு என்றே தோன்றினால், எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அந்த இடத்தை நானும் கேட்டுப் பார்க்கிறேன்.