புதிதாகப் போர்வெல் போட்டிருக்கிறோம். தண்ணீர் போதுமா, குடிக்கலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போர் போட்ட அன்றைக்கு வந்த தண்ணீரை நம்பிவிடாதீர்கள். தருமபுரிப் பக்கம் எங்கள் வீட்டில் டிசம்பரில் போர் போட்டபோது, கம்ப்ரஸர் வேகத்துக்குத் தண்ணீர் தென்னை மர உயரம் பீய்ச்சியடித்தது, தெருவே கூடி வேடிக்கை பார்த்தது, வண்டிக்காரர் "ரெண்டு இஞ்சுங்க" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஏப்ரலில் மோட்டார் போட்டால் நாற்பதே நிமிடம், அப்புறம் குழாயில் வெறும் காற்று.

எங்கள் பக்கம் பாறை பூமி. மழைக்காலத்தில் பாறை வெடிப்பில் தேங்கியதுதான் முதல் நாள் அப்படிப் பொங்குகிறது, அது தீர்ந்தபின் எவ்வளவு ஊறுகிறது என்பதே கணக்கு. அந்த இஞ்ச் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. வி வடிவில் வெட்டிய தகடு வழியாகத் தண்ணீர் வழியும் உயரத்தைத்தான் இஞ்ச் என்பார்கள். 90 டிகிரி வெட்டில் 2 இஞ்ச் என்றால் மணிக்குச் சுமார் 2,900 லிட்டர். 1 இஞ்ச் என்றால் அதில் பாதி இல்லை, வெறும் 500 லிட்டர்தான்!

வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறது. சித்திரை, வைகாசியில் ஒரு நாள் மோட்டாரை நாலைந்து மணி நேரம் ஓடவிட்டு, மணிக்கு ஒருமுறை 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் உள்ளே மட்டம் இறங்குகிறது. காற்று வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், மோட்டார் காயில் போய்விடும். பிறகு எத்தனை மணி நேரம் கழித்துப் பழையபடி வருகிறது என்று பாருங்கள், உங்கள் போரின் நிஜமான அளவு அதுதான்.

சரி, குடிக்கலாமா? ஆர்.ஓ. விற்க வருகிறவர் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்து, பழுப்பாக்கிக் காட்டுவார். அது கம்பியின் இரும்பு கரைவது, அழுக்கு இல்லை. டிடிஎஸ் மீட்டரும் மொத்த உப்பை மட்டும்தான் காட்டும், ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி எதையும் தனியாகக் காட்டாது. மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடம் இருக்கும், கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கொஞ்ச நேரம் மோட்டாரை ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனை இரண்டு மூன்று முறை அலசி இரண்டு லிட்டர் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் அவர்களிடமே சுத்திகரித்த பாட்டில் வாங்கி, அலசாமல் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். செப்டிக் டேங்க் பக்கத்தில் இருந்தால் இந்தக் கிருமிச் சோதனையை விடவே கூடாது.

எங்கள் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். ஆனால் ரிப்போர்ட்டில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம். இந்தியத் தர அளவில் 1 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். இப்போது குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர், போர்த் தண்ணீர் துவைக்கவும் தென்னைக்கும்.