கிட்டில் வந்த ரேடியோ கன்ட்ரோல் லைஃப்போட்டை அப்படியே கட்டணுமா, மாற்றிக் கட்டலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதானே: ஆர்.என்.எல்.ஐ. என்ற பிரிட்டிஷ் கடல் மீட்பு நிறுவனத்தின் லைஃப்போட் (ஆபத்தில் இருப்பவர்களை மீட்கப் போகும் படகு) மாடல் கிட் ஒன்று வாங்கிவிட்டீர்கள், குளத்தில் கவிழ்த்தால் அது தானாக நிமிர வேண்டும் என்று ஆசை, ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் "கிட்டில் கை வைக்காதே, புத்தகத்தில் இருப்பதுபோல் கட்டு" என்று சொல்லிவிட்டார்.

மாற்றுங்கள். ஆனால் டெக்கை, அதாவது படகின் மேல்தளத்தை, ஒட்டுவதற்கு முன்னால் மாற்றுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இன்னும் ஒட்டவில்லை என்றுதான் தெரிகிறது, அப்படியென்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் யாரும் சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதே பேச்சை நானும் கேட்டவன். இங்கே இங்கிலாந்தில், கென்ட் பக்கம் நாங்கள் படகு விடுகிற குளத்தங்கரையில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் என் மாடலைத் தூக்கிப் பார்த்துவிட்டு "கிட்டை வரைந்தவனைவிட உனக்கு அதிகம் தெரியுமோ?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அவர் கைவேலை அருமையானது, அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு மாதக்கணக்கில் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. மாடல் என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற பொருள் என்றால் அவர் சொன்னது சரி. லைஃப்போட் விஷயத்தில் அது சரியில்லை என்று நான் நினைக்கிறேன், காரணம் சொல்கிறேன்.

ஆர்.என்.எல்.ஐ. 1824இல் தொடங்கிய தொண்டு நிறுவனம். பிரிட்டன், அயர்லாந்து கரைகளில் கடலில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாத உள்ளூர்த் தொண்டர்கள், மக்கள் கொடுக்கும் நன்கொடையில்தான் படகே ஓடுகிறது. 1969 மார்ச் 17ஆம் தேதி இரவு ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் லாங்ஹோப் என்ற ஊரிலிருந்து ஒரு கப்பலுக்கு உதவப் போன லைஃப்போட் கவிழ்ந்தே கிடந்தது, போன எட்டுப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அடுத்த ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஃப்ரேசர்பரோ ஊர்ப் படகும் கவிழ்ந்து ஐந்து பேர் போனார்கள். தானாக நிமிரும் படகுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உண்டு. ஆனால் அகலமான, அதிகம் ஆடாத படகே கடலுக்கு நல்லது என்று பல குழுக்கள் அதையே வைத்திருந்தார்கள். இந்த இரண்டு விபத்துக்கும் பிறகுதான் எல்லாப் பெரிய படகும் நிமிர்ந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. இதைப் படித்தவனுக்கு, கவிழ்ந்தால் கவிழ்ந்தபடியே கிடக்கும் லைஃப்போட் மாடலை ஆரஞ்சு வண்ணம் அடித்துக் குளத்தில் விட மனசு வராது. எனக்கு வரவில்லை.

என்னுடையது ட்ரென்ட் ரகம். நிஜப்படகு 14.3 மீட்டர் நீளம், 27.5 டன் எடை, 25 நாட் (கடல் வேக அளவு) வேகம், 1994இல் சேவைக்கு வந்தது. ராம்ஸ்கேட் துறைமுகத்தில் மகளோடு நின்று அதைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். நான் தூத்துக்குடிக்காரன், துறைமுகம் புதிது இல்லை. ஆனால் அந்த நீல உடம்பும், ஆரஞ்சு கேபினும், சுற்றிப் போன சிவப்புப் பட்டையும் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

கிட் 1:16 அளவு. ஃபைபர் கிளாஸ் ஹல் (படகின் உடம்பு), டெக்குக்கும் கேபினுக்கும் வெட்டிவைத்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட், ஒரு பை நிறைய ஈய நிறத்தில் கனமான வார்ப்பு உலோகச் சாமான்கள். புத்தகத்தில் சொன்னபடி ஒழுங்காகத்தான் கட்டினேன். ஏழு மாதம். பன்னிரண்டு வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை நடுவில் வைக்கச் சொல்லியிருந்தது, வைத்தேன். மோட்டார் இரண்டுக்கும் ஒரே ஸ்பீடு கன்ட்ரோலர், அதையும் அப்படியே செய்தேன். முதல் தடவை தண்ணீரில் வைத்தபோது வாட்டர்லைனுக்கு, அதாவது மிதக்க வேண்டிய கோட்டுக்கு, மேல் கிட்டத்தட்ட ஒரு விரல் அளவு அமுங்கி நின்றது, ஓட்டினால் மூக்கு தூக்கவே இல்லை, வளைத்தால் வெளிப்பக்கம் அப்படியே சாய்ந்தது.

வீட்டுக்கு வந்து தராசில் வைத்தால் 8.1 கிலோ. இங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிற கணக்கு வருகிறது. அளவு பதினாறில் ஒன்று என்றால் எடையும் பதினாறில் ஒன்று இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினாறு மடங்கு குறைகிறது, ஆக 16 × 16 × 16, அதாவது 4096. 27.5 டன்னை 4096ஆல் வகுத்தால் 6.7 கிலோ. படகு சரியான கோட்டில் மிதக்க அவ்வளவுதான் இருக்க வேண்டும். நான் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட அதிகம் ஏற்றிவைத்திருந்தேன். வேகத்துக்குக் கணக்கு வேறு, அளவின் வர்க்கமூலத்தால் வகுக்கணும். பதினாறின் வர்க்கமூலம் நாலு, ஆக 25 நாட் ஆறே கால் நாட் ஆகும், மணிக்குப் பதினொன்றரை கிலோமீட்டர் சுமார். அதற்கு மேல் போனால் பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும், அதனால் பெரிய பிரஷ்லெஸ் மோட்டார் எல்லாம் தேவையில்லை. நான் எஞ்சினியர் இல்லை, இது நான் தராசு வைத்துச் சரிபார்த்த அளவுக்கான கணக்கு. ஹல்லின் அச்சு நிஜப்படகிலிருந்து கொஞ்சம் மாறினாலே சில நூறு கிராம் இப்படி அப்படி ஆகும், அதைச் சொல்லிச் சண்டைக்கு வர வேண்டாம்.

அதிக எடையைவிட மோசம், அந்த எடை எங்கே இருந்தது என்பது. ரேடார், மாஸ்ட் (ஆன்டெனா, விளக்கு நிற்கும் கம்பம்), சர்ச் லைட், கேபின் மேல் இருந்த சாமான் எல்லாம் வார்ப்பு உலோகம், எல்லாம் சேர்த்து 600 கிராம், படகின் உச்சந்தலையில். நிமிருகிற படகின் ரகசியமே இரண்டுதான். கனம் எல்லாம் அடியில் இருக்கணும், மேலே உள்ள கேபின் தண்ணீர் புகாத ஒரு காற்றுப்பெட்டியாக இருக்கணும். தலைகீழானால் படகு அந்தக் கேபின் மேல் மிதக்கிறது, அடியில் இருந்த கனம் இப்போது உயரத்தில் நிற்கிறது, அந்த நிலையில் நிற்க முடியாமல் ஒரு பக்கம் உருண்டு நிமிர்ந்துவிடுகிறது. கேபினில் தண்ணீர் புகுந்தால் தள்ளிவிட ஆளில்லை. உச்சியில் உலோகம் இருந்தால் நிமிர்வதற்கே விரோதம். ஆக நான் செய்த முதல் வேலை அந்தச் சாமான் பையை ஒதுக்கிவிட்டு, அதே வடிவங்களை ரெசினில் 3டி பிரின்ட் எடுத்துக்கொண்டதுதான். 600 கிராம் 200 ஆனது. பெரியவர் கேட்டது இதைப் பார்த்துத்தான்.

லெட் ஆசிட்டை எடுத்துவிட்டு 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி இரண்டு வைத்தேன், மோட்டாருக்கு ஒன்று. மீதி எடைக்கு ஈயக்குண்டுகளை எபாக்ஸி பசையில் குழைத்து கீல் (படகின் அடிமுதுகு) ஓரமாக ஊற்றினேன். மோட்டாருக்கு ஒரு ஸ்பீடு கன்ட்ரோலர் என்று இரண்டு போட்டதால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே சுற்றி நின்ற இடத்திலேயே திரும்புகிறது. இப்படிப் போடுவதானால் ஒரு கன்ட்ரோலரின் சிவப்பு ஒயரை ரிசீவர் பிளக்கிலிருந்து கழற்றி டேப் சுற்றிவிடுங்கள், இரண்டும் சேர்ந்து ரிசீவருக்குக் கரன்ட் கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் முடித்து, மகிழ்ச்சியாகக் குளத்துக்குக் கொண்டுபோய்க் கையாலேயே கவிழ்த்தேன். படகு பாதி உருண்டது, நின்றது, மறுபடி தலைகீழாகவே படுத்துவிட்டது. உள்ளே "டொக்" என்று ஒரு சத்தம். கரையில் இருந்த எனக்கே கேட்டது. கம்பு வைத்து இழுத்துக் கேபினைத் திறந்தால், பேட்டரி இரண்டும் வெல்க்ரோவைப் பிய்த்துக்கொண்டு கேபின் கூரைக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. அடியில் இருக்க வேண்டிய 800 கிராம், உருளும் நேரம் பார்த்து உச்சிக்குப் போய்விட்டது. போதாததற்கு ஓரமாக ஒரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் எங்கே வந்தது என்று அன்று ராத்திரி துடைத்தெடுத்துத் தேடினால், ரெய்லிங் கம்பி செருகுவதற்காக டெக்கில் நான் போட்ட துளைகள். நாற்பதுக்கு மேல். மேலிருந்து பார்த்தால் பெயின்ட் அடைத்திருக்கிறது, கீழிருந்து டார்ச் அடித்தால் ஒவ்வொன்றும் நட்சத்திரம் மாதிரித் தெரிகிறது. கீழிருந்து எபாக்ஸி வைத்து அடைக்க வேண்டியது ஒரு மணி நேர வேலை. ஆனால் டெக்கை ஒட்டிவிட்டேனே! பின்பக்கம் சுக்கான் கை (சுக்கானைத் திருப்பும் கம்பி மாட்டும் துண்டு) இருக்கிற இடத்துக்கு விரலே போகாது. கடைசியில் பின்புற டெக்கில் நன்றாக இருந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, ஒரு மூடி செய்து, அதற்குள் கையை விட்டு அடைத்தேன். அந்த வெட்டு இன்றைக்கும் தெரியும். டெக்குக்கு முன்னால் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இந்த எடைச் சோதனையெல்லாம் வீட்டு பாத்டப்பில்தான் செய்துகொண்டிருந்தேன். 89 சென்டிமீட்டர் படகு அதில் அழகாக நிற்கும். நாங்கள் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், வாடகை ஏஜென்ட் ஒரு வார்த்தை கேட்காமல் டப்பைப் பிடுங்கிவிட்டு ஒரு குறுகல் ஷவர் பெட்டியை வைத்திருக்கிறார். இப்போது மகளின் காற்றடிக்கிற குட்டிக்குளத்தில்தான் மிதக்கவிட்டுப் பார்க்கிறேன்.

சரி, சரிசெய்த கதைக்கு வருகிறேன். பேட்டரிக்கு ப்ளைவுட்டில் தொட்டில் செய்து ஹல்லோடு ஒட்டி, மேலே குறுக்குப் பட்டை வைத்து ஸ்குரூ போட்டு இறுக்கினேன். படகைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் அசையக் கூடாது, அதுதான் பரீட்சை. கேபின் உட்காரும் இடத்தைச் சுற்றி 15 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏபிஎஸ் விளிம்பு எழுப்பி, அதன்மேல் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் பட்டை ஒட்டி, கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவி, நாலு ஸ்குரூவால் கேபினை இறக்கினேன். காந்தம் வைப்பவர்கள் உண்டு, கழற்ற வசதி. ஆனால் படகு பக்கவாட்டில் உருளும் நேரத்தில் எனக்குக் காந்தம் மேல் நம்பிக்கை வரவில்லை. ஜன்னல் கண்ணாடிகளைச் சுற்றி உள்ளிருந்து ஒரு வரிசை சீலன்ட். மாஸ்ட் ஒயர் போகும் துளையை மறக்காதீர்கள், நான் மறந்தேன். ப்ரொப்பெல்லர் தண்டு போகும் ட்யூப் இரண்டிலும் கிரீஸ்.

இன்னொன்று, இதை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தண்ணீருக்குள் போகாது. படகு தலைகீழானதும் ரிசீவர் ஆன்டெனா தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது, உங்கள் கையில் இருக்கும் ரிமோட்டுக்கும் படகுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அந்த நேரம் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃபை, அதாவது சிக்னல் அறுந்தால் என்ன செய்யணும் என்ற ரிசீவர் அமைப்பை, முன்கூட்டியே வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ப்ரொப்பெல்லர் காற்றில் முழு வேகத்தில் சுற்றும், நிமிர்ந்ததும் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. கரையில் குழந்தைகள் நிற்பார்கள்.

நிஜப்படகைக் கட்டி முடித்ததும் வயிற்றைச் சுற்றிப் பட்டை போட்டு கிரேனால் இழுத்து முழுசாகக் கவிழ்த்துவிட்டு, நிமிர்கிறதா என்று பார்ப்பார்கள். நானும் அதையே செய்தேன். ஒரு நாடாவை ஹல்லைச் சுற்றிப் போட்டு, மகளை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, குட்டிக்குளத்தில் மெல்ல இழுத்தேன். 6.9 கிலோ. பக்கவாட்டில் போனது, கேபின் தண்ணீரில் முங்கியது, ஒரு நொடி சிவப்பு அடிவயிறு மட்டும் தெரிந்தது. அப்புறம் மறுபக்கமாகச் சட்டென்று எழுந்து தண்ணீரை உதறியது. "இன்னொரு தடவை அப்பா" என்றாள். பதினொரு தடவை செய்தோம், பதினொன்றும் நிமிர்ந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஈரமே இல்லை, ஒரு டிஷ்யூ பேப்பரை முன்கூட்டியே போட்டுவைத்திருந்தேன், அது காய்ந்தபடி இருந்தது.

அடுத்த ஞாயிறு குளத்தில் செய்து காட்டினேன். அந்தப் பெரியவரும் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, கிட்டே வந்து கேபின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார், ஃபோம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டார். மூன்று என்றேன்.

உங்கள் கிட் எந்த அளவு, எந்த ரகம் என்று எழுதவில்லை. நிஜப்படகின் எடையைத் தேடி எடுத்து முதலில் அளவை மூன்று தடவை பெருக்கி வகுக்கிற அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பெட்டியில் இருக்கிற எல்லாவற்றையும் தராசில் வையுங்கள், பேட்டரியும் சேர்த்து. பெயின்ட் கடைசியில். கவிழ்த்துப் பார்த்து முடியும்வரை ஆரஞ்சு டப்பாவைத் திறக்காதீர்கள், நான் இரண்டு தடவை அடித்தேன். டெக் ஒட்டுவதற்கு முன் உள்ளே ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், சுக்கான் கைக்கு விரல் எட்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.