இரும்புச்சத்துக் குறைவா, தலசீமியா மரபுக்கூறா?

கேள்வி: பினாங்கு கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) 2 வயது மகனுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, சிவப்பணு எண்ணிக்கை 5.6. இரும்புச்சத்து மருந்து மட்டும் போதுமா?

இந்த வயதில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் போனாலே ரத்தசோகைதான். எம்.சி.வி. குறைவு என்றால் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கின்றன. இனி சிவப்பணு எண்ணிக்கையைப் பாருங்கள். இரும்பு குறைந்தால் எலும்பு மஜ்ஜை உருவாக்கும் அணுக்களும் குறையும்; தலசீமியா மரபுக்கூறில் (பெற்றோரிடமிருந்து வரும் ஹீமோகுளோபின் குறைபாட்டின் லேசான வடிவம்) அணுக்கள் சிறியவை, ஆனால் ஏராளம். 64-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11.4. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சாய்கிறது, மேலே என்றால் இரும்புக் குறைவு. இது குறிப்பு மட்டுமே, முடிவல்ல. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

அடுத்து ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. 5 வயதுக்குள் 12-க்குக் கீழ் என்றால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்காதீர்கள்: அழற்சியில் ஃபெரிட்டின் ஏறி, குறைவை மறைத்துவிடும். கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் பார்ப்பது நல்லது.

பிறகு ஹீமோகுளோபின் பகுப்பாய்வு. ஹெச்.பி.ஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பீட்டா தலசீமியா மரபுக்கூறு. இரும்புக் குறைவு இந்த அளவைத் தாழ்த்திக் காட்டும்; எனவே முதலில் இரும்பைச் சரிசெய்து மறுபடி எடுப்பார்கள். தலசீமியாவின் ஆல்ஃபா வகையில் ஹெச்.பி.ஏ2 இயல்பாகவே இருக்கும், அதற்கு டி.என்.ஏ. பரிசோதனைதான் வழி.

ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) உயர்ந்து மஞ்சள் காமாலையும் இருந்தால் சிவப்பணுச் சிதைவு. அது வேறு பாதை, உடனே மருத்துவமனை.

ஒரு நாளில் 500 மில்லிக்கு மேல் பால் குடிக்கிறானா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அதிகப் பாலும் இரும்புக் குறைவுக்குக் காரணமாகலாம். ஃபெரிட்டின் இயல்பாக இருந்தால் மாதக்கணக்கில் இரும்பு மருந்து கொடுக்க வேண்டாம்.